நேர்கோட்டில் ஓடிய தண்ணீர் லாரி

மெட்ராஸ் என்ற பெயர் சென்னை என்று மாறிய வருடத்தில், பெயர் மாறிய பிறகும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதை அரசாங்கம் மிகுந்த கவலையோடு கவனித்தது. மக்களுக்குத் தண்ணீர் கொடுப்பது உடனடியாகச் சாத்தியமில்லை என்று வல்லுநர் குழு ஒன்று கருத்துத் தெரிவித்தது. ஆகவே முதற்கட்டமாக ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதென்று முடிவாயிற்று.

இவ்வாறு பிறந்ததுதான் தண்ணீர் லாரி முறைப்படுத்தும் வாரியம். தி. நகரில், பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில், கீழே பாத்திரக்கடை உள்ள ஒரு கட்டடத்தின் மாடியில் அது இயங்கியது. கீழே குடம் விற்றார்கள். மேலே குடத்துக்குள் என்ன போவது என்பதைத் தீர்மானித்தார்கள்.

வாரியத்தின் புரோகிராம் செய்த வேலை எளிமையானது. எந்தத் தெருவுக்கு என்றைக்கு லாரி போனது என்பதைத் தினமும் அதில் ஏற்றுவார்கள். எந்தத் தெரு அதிக நாளாகக் காய்ந்து கிடக்கிறதோ, அதன் பெயரை மறுநாள் காலையில் அது அச்சடித்துக் கொடுக்கும். லாரி அங்கே போகும். ஓர் அரசாங்க அலுவலகத்துக்குள் இவ்வளவு நியாயமான ஒரு பொருள் எப்படி நுழைந்தது என்பது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

அந்தப் புரோகிராமை மூன்று பேர் சேர்ந்து எழுதினார்கள். ஸ்ரீரஞ்சனி மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கம். ஷரஃபுதீன் ராயப்பேட்டை, வீட்டில் உருதும், தெருவில் சென்னைத் தமிழும், கம்ப்யூட்டரிடம் இங்கிலீஷும் பேசுகிறவன். மூன்றாமவன் கோட்டூர்புரத்திலிருந்து வரும் கிரீஷ். எந்தக் கோடையிலும் டை கட்டிக்கொண்டு வருவான். மேலதிகாரி ஒன்று சொன்னால், சொல்லி முடிப்பதற்குள் செய்துவிடுவான். மூவரும் தற்காலிகப் பணியாளர்கள். நிரந்தரப் பணியாளர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் ஏ.சி. இருக்கிறது என்பதற்காக மட்டும் அங்கே வந்துபோனார்கள்.

வேலை நடந்த விதம் இதுதான். பெரிய கம்ப்யூட்டரில் இருக்கும் பொதுப் பிரதியை ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு போய், அவரவர் மேசையில் மாற்றி, முடிந்ததும் கொண்டுவந்து பொதுப் பிரதியின் மேல் போடுவார்கள். கடைசியாக யாருடைய ஃப்ளாப்பி வந்ததோ, அதுவே அன்றைய சட்டம்.

ஒரு நாள் காலையில் நொச்சிக்குப்பத்துத் தங்கம் நாலைந்து பெண்களோடும் காலிக் குடங்களோடும் மாடியேறி வந்தாள். சாலையோரம் மீன் விற்கிறவள். பேரம் பேசிப் பழகிய குரல்.

"யார்பா இங்க கம்ப்யூட்டரு?"

ஷரஃபுதீன் எழுந்தான். "நான்தான்கா. இன்னா விஷயம்?"

"இன்னா விஷயமா? போன வாரம் ரெண்டு நாளு லாரி வந்துச்சு. இந்த வாரம் ஒண்ணுகூட வர்ல. ட்ரைவர கேட்டா, நொச்சிக்குப்பம்னு ஒரு எடமே கம்ப்யூட்டர்ல இல்லைன்றான். நாங்க இன்னா, கடலுக்குள்ள பூட்டமா?"

ஷரஃபுதீனுக்கு ஒன்றும் புரியவில்லை. குப்பம் ஆரம்பத்திலிருந்தே புரோகிராமில் இல்லைதான். அரசாங்க விதிப்படி குப்பம் என்பது தெரு அல்ல. லாரி தெருவுக்குத்தான் போகும். ஆகவே குப்பத்துக்குத் தாகமும் கிடையாது. ஷரஃபுதீன்தான் அதைக் கண்டுபிடித்து, கடற்கரையோரக் குப்பங்களையெல்லாம் சேர்த்து, புதன்கிழமை பொதுப் பிரதியில் போட்டிருந்தான். இப்போது திறந்து பார்த்தால் அவன் எழுதிய ஒரு வரிகூட அதில் இல்லை.

"ரஞ்சனி, வெள்ளிக்கிழமை நீ போட்டது எந்தக் காப்பி?"

"திங்கக்கிழமை எடுத்துண்டு போனது. மாடவீதிக்குத் தேரன்னிக்கு ரெண்டாவது லாரி சேர்த்தேன். ஏன்?"

"நடுவுல புதன்கிழமை நான் போட்டேன். அதும்மேல நீ உன்னுத போட்டுட்ட."

"நான் உன்னோடதைத் தொடவே இல்லையே!"

"தொடல. மொத்தமா மூடிட்ட."

ஸ்ரீரஞ்சனியின் முகம் வாடிவிட்டது. தங்கத்தின் இடுப்பில் இருந்த காலிக் குடத்தைப் பார்த்தாள். "மன்னிச்சுக்கோங்கோ. என்னால ஆன தப்பு. நாளைக்கு வரும்" என்றாள்.

"வந்தா சரி, கண்ணு" என்று தங்கம் கீழே இறங்கினாள். அரசாங்க அலுவலகத்தில் மன்னிப்புக் கேட்கப்பட்டதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஏதோ பெரிய வியாதி வந்திருக்கும்போல என்று கூட வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானம் ஸ்ரீரஞ்சனி ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"இதோ பார், ஷரஃபுதீன். என் வேலை முடிஞ்சதும் நேரா கொண்டுவந்து போடப்படாது. நான் பண்ணின மாத்தத்தை மட்டும் தனியா எடுத்து வெச்சுக்கணும். இன்னிக்குப் பொதுப் பிரதி எப்படி இருக்கோ, அதைப் புதுசா எடுத்துக்கணும். அதும்மேல என் மாத்தத்தை ஒண்ணொண்ணா, வரிசையா, மறுபடியும் பண்ணணும். ஒவ்வொண்ணும் சரியா ஓடறதான்னு பார்த்துட்டு அப்புறம்தான் போடணும். பார்க்கறவாளுக்கு, உன் வேலை முடிஞ்ச அப்புறம்தான் நான் ஆரம்பிச்ச மாதிரி இருக்கும்."

"ரெண்டு பேரும் ஒரே வரியில கைவெச்சிருந்தா?"

"அப்போ உன்னைக் கேட்டுட்டுத்தான் எழுதணும்."

முதல் முயற்சியிலேயே அது நடந்தது. காலை ஏழு மணி லாரியை அவன் குப்பத்துக்குக் கொடுத்திருந்தான். அவள் அதே லாரியை அதே மணிக்கு மாடவீதிக்குக் கொடுத்திருந்தாள். இருவரும் டீக்கடைக்குப் போய்ப் பேசி, முதலில் குப்பம், திரும்பும் வழியில் மாடவீதி என்று முடிவுசெய்தார்கள். இதுவரை வாரியத்தின் எந்தக் கூட்டத்திலும் எடுக்கப்படாத முடிவு ஒன்று, ஒரு டீ ஆறுவதற்குள் எடுக்கப்பட்டது.

"பேஸை, அதாவது அடித்தளத்தை, மாத்தி வைக்கறோம் இல்லையா, ரீபேஸ்னு வெச்சுக்கலாம்" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

மறுநாள் நொச்சிக்குப்பத்துக்கு லாரி போயிற்று. அதற்கடுத்த நாளும் போயிற்று. கிரீஷுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒருவர் வேலையை ஒருவர் அழிப்பது நின்றது. இதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் விஷயம் இயக்குநர் ராஜகோபாலனின் காதுக்கு எட்டிவிட்டது.

ராஜகோபாலன் ஹைதராபாத்தில் நவீன நிர்வாகப் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்த நேரம். கையில் புதுப் பெட்டியும், வாயில் புது வார்த்தைகளும் இருந்தன. பிரயோகிக்க ஒரு சந்தர்ப்பம்தான் இல்லை. ஸ்ரீரஞ்சனியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"மிஸ் ரஞ்சனி, ஏதோ ரீபேஸாமே? என்ன அது?"

அவள் பொறுமையாக விளக்கினாள்.

"அதாவது, முதல்ல நீங்க பண்ணின குளறுபடி கடைசியில வெளியில தெரியாது?"

"என் மேசையில நடக்கற குளறுபடி என் மேசையோட போயிடும் சார். பொதுவுக்கு வரும்போது எல்லாம் வரிசையா, சுத்தமா இருக்கும்."

"வரலாறு நேர்கோடா இருக்கும்!" ராஜகோபாலன் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஆனா ஒண்ணு சார். இன்னும் யாருக்கும் கொடுக்காத என் சொந்த வேலையைத்தான் இப்படித் திருப்பி அடுக்கலாம். பொதுவில போட்டாச்சு, மத்தவா அதை எடுத்து அதும்மேல வேலை பண்ண ஆரம்பிச்சாச்சுன்னா, அப்புறம் பழசைத் தொடவே படாது. தொட்டா எல்லார் காலுக்குக் கீழயும் தரையை உருவின மாதிரி ஆயிடும்."

இந்தக் கடைசிப் பகுதியை அவள் சொன்னபோது ராஜகோபாலன் சுற்றறிக்கையின் முதல் வரியை எழுதத் தொடங்கியிருந்தார்.

சுற்றறிக்கை சாயங்காலமே வந்தது. "இவ்வாரியத்தின் வரலாறு இனி நேர்கோடாக இருத்தல் வேண்டும். வளைவுகள், சுற்றல்கள், பின்னோக்கிச் செல்லுதல் ஆகியவை காணப்படின் சம்பந்தப்பட்டோர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படும். அனைத்துப் பிரிவுகளும் மேற்படி ரீபேஸ் முறையைப் பின்பற்றி, அதற்கான அறிக்கையை முந்தைய தேதியிட்டு அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றன."

அலுவலகம் ஒரே வாரத்தில் முன்னேறிவிட்டது. மத்தியானம் வந்தவர்கள் காலையில் வந்ததாக ரீபேஸ் செய்துகொண்டார்கள். சொல்லாமல் லீவு போட்டவர்கள் சொல்லிவிட்டுப் போட்டதாக ஆனார்கள். காலாவதியான டெண்டர் ஒன்று திறக்கப்படுவதற்கு முன்பே முடிவு அறிவிக்கப்பட்டதாகவும், அது மிகவும் சரியான முடிவு என்றும் பதிவாயிற்று.

நல்ல பழக்கம் ஊருக்குள்ளும் பரவியது. மயிலாப்பூரில் ஒரு பெண்வீட்டார் பெண்ணின் வயதை ரீபேஸ் செய்து மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார்கள்; அவர்கள் பையனின் படிப்பை ரீபேஸ் செய்து பதில் சொன்னார்கள்; சம்பந்தம் நேர்கோட்டில் முடிந்தது. அடையாறில் ஒரு வித்வான் கச்சேரியில் தாளத்தைத் தவறவிட்டு, சட்டென்று நிறுத்தி, "கச்சேரி இனிமேல்தான் ஆரம்பம்" என்று அறிவித்தார். சபையில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அந்த நேரம் பார்த்துத் தலைமைச் செயலகத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. வாரியம் தொடங்கிய இந்த இரண்டு வருடங்களில் எத்தனை தெருக்களுக்கு ஒழுங்காகத் தண்ணீர் போயிற்று, எத்தனை புகார்கள் வந்தன என்று கேட்டிருந்தார்கள். ராஜகோபாலன் மூன்று பேரையும் கூப்பிட்டார்.

"இந்த ரெண்டு வருஷத்தை ரீபேஸ் பண்ணணும்."

"புரியலை சார்" என்றான் ஷரஃபுதீன். நன்றாகவே புரிந்திருந்தது.

"அட்டவணைப்படி எல்லாத் தெருவுக்கும் லாரி போனதுன்னு அடியில வெச்சுக்கங்க. மத்ததையெல்லாம் அதும்மேல அடுக்குங்க. லாரி போயிட்டதுக்கு அப்புறம் வந்த புகார் செல்லாது. தன்னால விழுந்துடும்."

"சார், புரோகிராம் நேத்து எங்க லாரி போச்சுன்னு பார்த்துத்தான் இன்னிக்கு எங்க போகணும்னு சொல்றது" என்றாள் ஸ்ரீரஞ்சனி. "நேத்தை மாத்தினா இன்னிக்கும் மாறிடும். நாங்க பண்ண மாட்டோம் சார்."

"நீங்க தற்காலிகம்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். அதனாலதான் சொல்றேன்" என்றான் ஷரஃபுதீன். "நிரந்தரமா இருந்தா பயந்துருப்பேன்."

கிரீஷ் டையைச் சரிசெய்துகொண்டு, "நான் பண்ணிடறேன் சார்" என்றான். சாயங்காலத்துக்குள் செய்தும் முடித்தான். நகரத்தின் இரண்டு வருடத் தாகம் பொதுப் பிரதியிலிருந்து துடைக்கப்பட்டது.

மறுநாள் காலை புரோகிராம் வழக்கம்போல் பழைய விவரங்களை எல்லாம் படித்துப் பார்த்தது. எல்லாத் தெருவுக்கும் இரண்டு வருடமாக நாள் தவறாமல் தண்ணீர் போயிருந்தது. காய்ந்த தெரு ஒன்றுகூட இல்லை. அது நேர்மையான புரோகிராம். பார்த்ததை அப்படியே அச்சடித்தது: "இன்று லாரி தேவைப்படும் இடங்கள்: இல்லை."

லாரிகள் வெங்கட்நாராயணா சாலையில் வரிசையாக நின்றன. டிரைவர்கள் நிழலில் உட்கார்ந்து சீட்டாடினார்கள். ராஜகோபாலன் அச்சடித்த தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்தியாவிலேயே பற்றாக்குறையை முற்றிலும் ஒழித்த முதல் நகரம் என்று அறிவித்து, ஒரு விழா ஏற்பாடு செய்தார். விழாவுக்கு வந்த பிரமுகர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காததால் சோடா வழங்கப்பட்டது.

அந்த விழாவுக்குத் தங்கமும் குடத்தோடு வந்தாள். மேடையின் முன்னால் போய் நின்றாள்.

"சார், லாரி வர்ல."

ராஜகோபாலன் அன்போடு சிரித்தார். "அம்மா, உங்க குப்பத்துக்கு ரெண்டு வருஷமா நாள் தவறாம தண்ணி வந்திருக்கு. கம்ப்யூட்டர் சொல்லுது."

"எங்க வந்துச்சு?"

"அதை நீங்கதான் சொல்லணும். அவ்வளவு தண்ணியையும் வாங்கி என்ன பண்ணினீங்க?"

தங்கம் குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள்; ஒரு சொட்டு விழவில்லை. ராஜகோபாலனின் முகத்தில் மெல்ல ஒரு சந்தேகம் படர்ந்தது. பக்கத்திலிருந்த அதிகாரியிடம் குனிந்து, "பதுக்கலா இருக்குமோ?" என்றார்.

மறுநாளே ஓர் ஆய்வுக் குழு நொச்சிக்குப்பத்துக்குச் சென்றது. வீடு வீடாகக் குடம், அண்டா, பானை எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தது. பிறகு கிழக்குப் பக்கமாகச் சிறிது தூரம் நடந்து சென்று, அப்படியே நின்றுவிட்டது. குழுவின் அறிக்கை இவ்வாறு முடிந்தது: "குடியிருப்பின் கிழக்கே பெருமளவு நீர் இருப்பு காணப்படுகிறது. கண்டுபிடிக்கப்படாமல் இருக்கும் பொருட்டு உப்புக் கலந்து வைத்துள்ளனர். மேல் நடவடிக்கைக்காகப் பணிந்தனுப்பப்படுகிறது."

அந்த அறிக்கை வந்த அன்று தங்கம் மறுபடி மாடியேறினாள். இந்தத் தடவை கூட யாரும் இல்லை. குரலும் ஏறவில்லை. ஷரஃபுதீனின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி, என் பொண்ணு புள்ள பெத்துப் பத்து நாளுதான் ஆவுது. பச்ச ஒடம்பு. கொழந்தைக்கு ஊத்தத் தண்ணி இல்ல. கைபம்புல உப்புத்தண்ணி வருது; ஊத்துனா ஒடம்பெல்லாம் செவந்துபோவுது. பதுக்குனேன், கிதுக்குனேன்னு ஜெயில்ல வேணாப் போடு. மொதல்ல ஒரு லாரி அனுப்பு."

ஷரஃபுதீன் ஸ்ரீரஞ்சனியைப் பார்த்தான். அவன் மேசையில், கிரீஷ் கைவைப்பதற்கு முன் எடுத்து வேலை செய்துகொண்டிருந்த பிரதி இருந்தது. அதில் இரண்டு வருடமும் இருந்தபடியே இருந்தது: போன லாரி, போகாத லாரி, வந்த புகார், எல்லாம்.

"இத அப்படியே தூக்கிப் பொதுவுல போட்டா, கிரீஷ் பண்ணதெல்லாம் மூடிப்போயிடும்" என்றான். "நீ எது பண்ணவே கூடாதுன்னியோ, அதத்தான் பண்ணப் போறேன்."

"உன் வேலை போயிடும்."

"தெரியும்."

ஸ்ரீரஞ்சனி தன் ஃப்ளாப்பிகளை அடுக்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினாள். அவளுடைய சம்பளத்தில்தான் தம்பி காலேஜில் படிக்கிறான். பிறகு எழுந்தாள். "வா, நானும் வரேன். ரெண்டு பேரா போட்டா யாரைத் தூக்கறதுன்னு அவாளுக்குக் கொஞ்சம் குழப்பமாவது இருக்கும்."

பட்டப்பகலில், ஏ.சி. அறையில், நிரந்தரப் பணியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருவரும் பழைய பிரதியைப் பொதுவில் போட்டார்கள். புரோகிராம் படித்தது. திடுக்கிட்டதுபோல் சற்று நேரம் சத்தமே இல்லாமல் இருந்தது. பிறகு பிரிண்டர் அடிக்க ஆரம்பித்தது; நிறுத்தவே இல்லை. வெளியே சீட்டாட்டம் கலைந்தது. முதல் லாரி நொச்சிக்குப்பத்தை நோக்கிப் புறப்பட்டது. அதன் முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் தங்கம் உட்கார்ந்திருந்தாள். பேத்தி அன்று சாயங்காலம் நல்ல தண்ணீரில் குளித்தாள்.

குறிப்பாணை மறுநாள் வந்தது. ராஜகோபாலன் அதை எழுதும்போது கோபமாக இல்லை. நிர்வாகப் பயிற்சி பெற்றவர். தர்க்கத்தை மட்டுமே பின்பற்றினார். முந்தின நாள் வரை நகரத்தில் பற்றாக்குறை இல்லை. அதை அரசாங்கமே ஒப்புக்கொண்டு விழா எடுத்திருக்கிறது. இவர்கள் இருவரும் எதையோ கம்ப்யூட்டரில் போட்டார்கள். அடுத்த நிமிடம் ஊர் முழுக்கப் பற்றாக்குறை. ஆகவே, "சென்னை மாநகரில் தண்ணீர்ப் பற்றாக்குறையை உருவாக்கிய குற்றத்துக்காகத் தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் கோரப்படுகிறது."

"அட, நம்மதான் கொண்டாந்தமா!" என்றான் ஷரஃபுதீன். "எங்கம்மா பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து இருக்கு."

"நேர்கோடு" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

விசாரணை பொதுமக்கள் முன்னிலையில், மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மண்டபம் நிறைந்து வழிந்தது. இரண்டு வருடமாகத் தண்ணீருக்கு அல்லாடிய ஜனங்கள் இவ்வளவு பேர் வந்திருக்கிறார்களே, உண்மை வெளிவந்துவிடும் என்று இருவருக்கும் நம்பிக்கை வந்தது. விசாரணை அதிகாரி வேம்பு கண்டிப்பானவர், நேர்மையானவர், விதியைத் தவிர வேறெதையும் படிக்காதவர். ஆரம்பத்திலேயே ஒரு விளக்கம் அளித்தார்.

"சாட்சி சொல்பவர்கள் கவனத்துக்கு. கடந்த இரண்டு வருடங்களில் தண்ணீர் பெற்றுவந்த இடங்கள், விதிப்படி, பழைய பயனாளிகள். அவர்களுக்கே முதலிடம்; லாரி தொடரும். தண்ணீர் வந்ததே இல்லை என்று சொல்லும் இடங்கள் புதிய விண்ணப்பதாரர்களாகக் கருதப்படும். மனு கொடுக்கலாம். வரிசைப்படி பரிசீலிக்கப்படும்."

மண்டபத்தில் இருந்தவர்கள், மனு என்றால் எத்தனை வருடம் ஆகும் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள்.

முதலில் தங்கம் கூப்பிடப்பட்டாள். ஷரஃபுதீன் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"அம்மா, உண்மையைச் சொல்லணும். உங்க குப்பத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்ததா?"

தங்கம் முந்தானையைக் கையில் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். "வந்துச்சு சார்" என்றாள். "டெய்லி வந்துச்சு."

அதன்பிறகு சாட்சிகளுக்குக் குறைவே இல்லை. பாண்டி பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் கலீமுல்லா, தங்கள் தெருவில் தண்ணீர் வந்த வேகத்தில் இரண்டு குடம் உடைந்தே போயிற்று என்றார். அவருக்கு அடுத்த தெருக்காரர் சும்மா இருப்பாரா? தங்கள் தெருவில் தண்ணீர் வழிந்தோடி, வாசலில் கோலம் போடவே முடியவில்லை என்றார். அடையாறிலிருந்து வந்த ஒரு வக்கீல், அதிகப்படியான தண்ணீரால் தங்கள் பகுதியில் சளித்தொல்லை பரவியது என்று ஆதாரத்தோடு வாதாடினார். ஸ்ரீரஞ்சனியின் அப்பாவும் எழுந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்; பொய் பேசி அவள் கேட்டதில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எங்காத்துல தண்ணிக் கஷ்டம்னா என்னன்னே தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு, மகள் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தார்.

கடைசியில் வேம்பு குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் இந்த ஊர்வாசிகள்தான். உங்களையே கேட்கிறேன். உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்ததா, இல்லையா?"

ஸ்ரீரஞ்சனி எழுந்தாள். வராத லாரிக்காகச் சித்திரக்குளத்து முனையில் குடத்தோடு நின்ற காலைகள் எல்லாம் அவளுக்கு நினைவுக்கு வந்தன. திரும்பிப் பார்த்தாள். அவள் தெருவே பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்தது. எதிர்வீட்டு மாமி கையைக் கூப்பியே விட்டாள்.

"வந்தது சார்" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

"நீங்கள்?"

ஷரஃபுதீனின் அம்மா அஸ்மத்துன்னிசா, ராயப்பேட்டைப் பெண்களோடு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் பார்க்காமலே, "வந்துச்சு சார்" என்றான் அவன்.

"அப்படியானால் பற்றாக்குறை உங்களால்தான் வந்தது?"

"ஆமாம் சார்" என்றார்கள் இருவரும்.

வாசலில் தங்கம் காத்துக்கொண்டிருந்தாள். "கோச்சுக்காதீங்க ரெண்டு பேரும்" என்றாள். "விடுக்கா. நானும் அதத்தானே சொன்னேன்" என்றான் ஷரஃபுதீன். இருவருக்கும் வேலை போயிற்று. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் தேதி தெரியாமல் திருதிருவென விழிக்கும் என்று பயந்துகொண்டிருந்த ஓர் அடையாறு கம்பெனி அவர்களை எடுத்துக்கொண்டது. ராஜகோபாலனுக்குப் பதவி உயர்வு வந்தது.

வேம்பு வாக்குத் தவறவில்லை. மறுநாளே நகரத்தின் எல்லா இடங்களும் பழைய பயனாளிகளாக அறிவிக்கப்பட்டன. எல்லோருக்கும் முதலிடம். முதலிடத்தில் இருப்பவர்களுக்குள் யாருக்கு முதலில் அனுப்புவது என்பதற்கு விதியில் இடமில்லாததால், தெளிவுரை கேட்டு மேலிடத்துக்கு எழுதப்பட்டது. தெளிவுரை வரும்வரை லாரிகளை நிறுத்திவைக்க உத்தரவாயிற்று.

சென்னை குடத்தோடு தெருமுனைக்கு வந்து நின்றது. வெயில் ஏறியது. திட்டுவதற்கு வாய் திறந்தவர்கள் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து மூடிக்கொண்டார்கள். புகார் கொடுக்கத் தகுதியுள்ள ஓர் ஆள்கூட ஊரில் மிச்சமில்லை.